பழைய கோவாவின் பாதிக் கோபுரம்

கோவாவுக்கு டூர் போகும் நம் மாணவ நண்பர்கள் பாம் ஜீசஸ் பேராலயத்தைப் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு குன்றின் மேல் பாதியாகப் பிளந்த கோபுரம் ஒன்று தனியாக நிற்கிறது. உயரம் 46 மீட்டர். சிவில் படிப்பவர்கள் அவசியம் பார்க்க வேண்டியது அதைத்தான்!

போர்த்துகீசியர் நமக்குப் புதியவர்கள் அல்லர். 1658 வரை நம்ம நாகப்பட்டினமே அவர்கள் கையில்தான் இருந்தது. 1572-இல் கோவா வந்த அகுஸ்தீன் சபைத் துறவிகள், தங்கள் மடத்தோடு சேர்ந்த இந்த ஆலயத்தை 1597 முதல் 1602 வரை கட்டினார்கள். முகப்பின் இருபுறமும் கோபுரங்கள், உள்ளே வளைவுக் கூரை.

கல்லோ செம்புறாங்கல். வல்லம் பக்கம் நாம் பார்க்கிற அதே ஜாதிதான். வெட்டும்போது இளகிக் கொடுக்கும், காற்றுப் பட்டால் இறுகும். ஆனால் உடம்பெல்லாம் துளை, தண்ணீரைக் குடித்துவிடும். கோவாவின் மழை நம்ம ஊர் மழை மாதிரி இரண்டு மடங்குக்கும் மேல். ஆகவே மேலே சுண்ணாம்புப் பூச்சு இருந்தே ஆக வேண்டும், அதையும் அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். (பாம் ஜீசஸ் ஆலயத்தில் 1950-களில் பூச்சை உரித்துவிட்டார்கள். சிவப்புக் கல் பார்க்க அழகுதான், ஆனால் அரிக்கிறதே!)

1835-இல் போர்த்துகீசிய அரசு துறவு மடங்களைக் கலைத்தது. பூச்சு பார்க்க ஆள் இல்லை, கூரையில் முளைத்த செடியைப் பிடுங்க ஆள் இல்லை. வளைவுக் கூரை தன் பாரத்தைக் கீழே மட்டும் இறக்காது, சுவரை வெளிப்புறமாகவும் தள்ளும். நனைந்து சாந்து கரைந்த சுவர் எத்தனை நாள் தாங்கும்? ஏழே வருஷம். 1842-இல் கூரை விழுந்தது. பின்பக்கம் பிடிமானம் இல்லாமல் நின்ற முகப்பும், கோபுரத்தில் பாதியும் 1931-இல் சரிந்தன. இவ்வளவுக்கும் பூகம்பமோ குண்டோ காரணமில்லை. பெரிய மணி மட்டும் முன்கூட்டியே இறக்கப்பட்டதால் தப்பியது. 1871 முதல் பஞ்சிம் மாதா கோவிலில் அது ஒலிக்கிறது.

இடிபாட்டுக்குள் இன்னொரு சங்கதியும் கிடந்தது. மதம் மாற மறுத்ததற்காக 1624-இல் பாரசீகத்தின் ஷிராஸ் நகரில் கொல்லப்பட்டவர் ஜார்ஜியா நாட்டு அரசி கெத்தேவான். அவருடைய எலும்புகளில் ஒரு பகுதியை 1627-இல் இந்தத் துறவிகள் கோவாவுக்குக் கொண்டு வந்து மடத்தில் வைத்தார்கள். பழைய போர்த்துகீசியக் குறிப்புகளை வைத்துக்கொண்டு, இந்தியத் தொல்லியல் துறை மண்ணை அள்ளி அள்ளித் தேடியது. 2004-இல் ஒரு கை எலும்புத் துண்டு கிடைத்தது. ஹைதராபாத் ஆய்வு மையத்தின் டி.என்.ஏ. சோதனை, அது ஜார்ஜியாவில் காணப்படும் மரபுவழியோடு பொருந்துகிறது என்று காட்டியது. 2021 ஜூலையில் அந்த எலும்பின் ஒரு பகுதியை இந்திய அரசு ஜார்ஜியாவிடம் ஒப்படைத்தது.

1986 முதல் பழைய கோவாவின் ஆலயங்களும் மடங்களும் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளன. அடுத்த டூரில் குன்றேறிப் போனால், பிளந்த பக்கமாக நின்று பாருங்கள்: சுவரின் கனம், கல் வரிசை, வளைவு தொடங்கிய இடம் எல்லாம் நம் டிராயிங் ஷீட்டின் குறுக்குவெட்டுப் படம் போலத் திறந்து கிடக்கின்றன.