நினைவு தளர்ந்த முதியோர்

முதுமையில் கண்ணொளி மங்குதலும் செவிப்புலன் குறைதலும் இயல்பு. மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் மறந்து தேடுவதும், பழகியவர் பெயர் உடனே நாவில் வாராமையும் முதியோர் பலரிடத்தும் காணப்படுவனவே. அவற்றை நோய் என எண்ணி அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால், கண்ணாடி எதற்கு உரியது என்பதையே மறத்தலும், நாள்தோறும் நடந்த தெருவில் வழி தெரியாது திகைத்தலும், உண்ட பின்னும் உண்ணவில்லை எனச் சாதித்தலும் முதுமையின் இயல்பு அல்ல. அவை மூளையைப் பற்றிய நோயின் அறிகுறிகள். அந்நோயை மறதி நோய் என்பர். இந்தியாவில் 60 வயது கடந்தவருள் ஏறத்தாழ 88 இலட்சம் பேர் இந்நோயுற்றுள்ளனர் என 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டுள்ளது.

இந்நோய் பல வகைப்படும். அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். செருமனி நாட்டு மருத்துவர் அலாய்சு அல்சைமர் 1901ஆம் ஆண்டில் பிராங்க்பர்ட் நகரில் 51 வயதுடைய பெண்மணி ஒருவரைக் கண்டார். அவர் தம் கணவர் பெயரையும் சொல்ல இயலாது தடுமாறினார். 1906இல் அப்பெண்மணி இறந்தபின், மருத்துவர் அவருடைய மூளையை நுண்ணோக்கியால் ஆராய்ந்தார். நரம்பணுக்களின் இடையே படிவுகளையும், அணுக்களின் உள்ளே இழை முடிச்சுகளையும் கண்டு, அவற்றை அவ்வாண்டே அறிஞர் அவையில் எடுத்துரைத்தார். பித்து என எண்ணப்பட்ட நிலைக்கு மூளையில் நேர்ந்த சிதைவே காரணம் என்பது இவ்வாறு புலனாயிற்று.

அல்சைமர் நோய் பெரும்பாலும் புதிய செய்திகளைப் பதிவு செய்யும் மூளைப்பகுதியையே முதலில் தாக்குகிறது. ஆதலின் காலையில் நடந்தது மாலையில் மறைகிறது. 40 ஆண்டுகட்கு முன் நடந்ததோ நேற்று நடந்ததுபோல் தோன்றுகிறது. கை பழகிய தொழிலும் கேட்டுப் பழகிய பாட்டும் நெடுநாள் நிலைத்து நிற்கின்றன. நிகழ்ச்சி மறந்தபோதிலும், அது தந்த இன்பமோ துன்பமோ மனத்தில் தங்கிவிடுகிறது. இவ்வுண்மையை அறிந்தவர்க்கே முதியோரோடு பேசும் முறை விளங்கும்.

திருப்பூர் மாநகரைச் சார்ந்த மண்ணரை, பனியன் தொழிலால் வாழும் ஊர்களுள் ஒன்று. பெற்றோர் இருவரும் கம்பெனிக்குச் சென்றுவிடும் இல்லங்களில், மாலை வேளையில் முதியோர்க்குத் துணை பள்ளியிலிருந்து திரும்பிய பிள்ளைகளே. அத்தகைய இல்லம் ஒன்றில், 30 ஆண்டுகள் கட்டிங் மாஸ்டராக இருந்த முதியவர் ஒருவர் வாழ்கிறார் எனக் கொள்க. பொழுது சாயும் நேரத்தில் அவர் சட்டையை அணிந்துகொண்டு, "ஷிப்டுக்கு நேரமாயிற்று; தூக்குப்போசி எங்கே?" எனக் கேட்கிறார். "வேலையை விட்டுப் பத்து ஆண்டுகள் ஆயினவே! இதுகூடத் தெரியவில்லையா?" எனப் பேரன் மறுத்துரைத்தால், அவர் சினங்கொண்டு வெளியே சென்றுவிடுவார். லாரிகள் விரையும் சாலையில், இருளில், வீடு திரும்பும் வழி அவர்க்குத் தெரியாது.

"அப்பாரு, துணியைப் பிசகாமல் எப்படி வெட்டுவீர்கள்? சொல்லுங்கள், கேட்கிறேன்" என அவன் அருகமர்ந்து கேட்டால் நிலைமை மாறும். இது பொய்யுரைத்து ஏய்த்தல் அன்று. தாம் பயனுள்ளவராக இருத்தல் வேண்டும் என்பதே அம்முதியவரின் வேட்கை. அதற்கே அவன் விடையளிக்கிறான். மடிப்பதற்குச் சில துண்டுகளைக் கொடுத்தால், பழகிய கைகள் அமைதி பெறும்.

இத்தகையோரிடம் பின்னிருந்து அழைத்தலாகாது. எதிரில் வந்து, தம் பெயரையும் உறவையும் சொல்லிப் பேசுதல் நலம். "நான் யார், தெரிகிறதா?" எனச் சோதித்தல் அவரை நாணச் செய்யும். சொற்றொடர் சிறிதாக இருத்தல் வேண்டும். ஒரு வேளையில் ஒரு செய்தியே போதும். விடை வரும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். இரவில் சிறு விளக்கு எரிதலும், சட்டைப் பையில் முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு இருத்தலும் இடையூறுகளைக் குறைக்கும்.

மறதி கண்டவுடன் மருத்துவரை நாடுதல் முதற்கடமை. தைராய்டுச் சுரப்புக் குறைவும் வைட்டமின் பி12 குறைவும் மறதியை உண்டாக்கும். அவை மருந்தால் நீங்கக் கூடியவை. திடீரெனத் தோன்றும் மனக்குழப்பம், சிறுநீர்த் தொற்று போன்ற நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். அல்சைமர் நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இல்லையாயினும், துன்பத்தைத் தணிக்கும் வழிகள் உள்ளன. மூத்தோர்க்கு உதவும் 14567 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் உண்டு.

பேணுவோரின் நலமும் மறக்கத்தக்கதன்று. பல இல்லங்களில் இப்பொறுப்பு முழுவதையும் மகளோ மருமகளோ தனியே சுமக்கின்றார். இளையோர் நாள்தோறும் ஒரு மணி நேரம் துணையிருப்பின், அவர் சற்றே ஓய்வு பெறுவார்.

நினைவு தளர்ந்தவர் அன்பை உணரும் ஆற்றலை இழந்தவர் அல்லர். பேரன் பெயரை அவர் மறக்கக் கூடும். அருகமர்ந்து பேசுபவன் தம்மீது அன்புடையவன் என்பதை அவர் உள்ளம் அறியும்.