பாக்கெட்டில் உள்ள படம் யார் கண்ணுக்கு?



நம் ஊர்க் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருப்பது அனைவரும் அறிந்ததே. சரக்கு லாரிக்காக அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வெளியூர்க்காரர்கள் கையில் பையும் சீட்டுமாகக் காத்திருப்பதைப் பார்க்கிறோம். நம் நாட்டில் வாயில் புற்று வந்தவர்களில் பெரும்பாலோர் முற்றிய பிறகுதான் மருத்துவரிடம் வருகிறார்கள். ஏன் முன்னாலேயே வருவதில்லை? "படிப்பு இல்லை" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அது பாதிதான் சரி.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 முதல் 2003 வரை ஒரு பெரிய சோதனை நடந்தது. 30 முதல் 59 வயது வரையுள்ள கிராமத்துப் பெண்கள் சுமார் 49,000 பேரைக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். பெரிய மெஷின் எதுவும் இல்லை. அசெடிக் அமிலத்தைத் தடவி, வெளுத்துத் தெரியும் இடத்தைப் பயிற்சி பெற்ற நர்ஸ் கண்ணால் பார்ப்பார், அவ்வளவே. (நம் கடை வினிகரில் உள்ளதும் இதே அமிலந்தான்!) சுமார் 31,000 பேர் வந்தார்கள். சில ஆண்டுகள் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, அழைக்கப்படாத ஊர்களைவிட இந்த ஊர்களில் அந்நோய் 25 சதவீதமும், அதனால் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. 2007-ல் இது உலக மருத்துவ இதழிலும் வெளியாயிற்று.

யார் வந்தார்கள், யார் வரவில்லை என்றும் பார்த்தார்கள். பட்டப்படிப்பு வேண்டியிருக்கவில்லை, கொஞ்சமாவது பள்ளிக்கூடம் போன பெண்கள் அதிகம் வந்தார்கள். வலி இல்லாதபோது மருத்துவரிடம் போவதற்கு ஒரு தைரியம் வேண்டும். நாலு எழுத்து படித்தவருக்கு "எங்கே போவது, யாரைக் கேட்பது" என்ற தயக்கம் குறைவு. படிப்பு செய்யும் வேலை இதுதான் என்பது எங்கள் எண்ணம்.

ஆனால் படிப்பு மட்டும் காப்பாற்றிவிடாது. நம் காஞ்சியில் 1909-ல் பிறந்த அண்ணா எம்.ஏ. படித்தவர். ஓயாமல் வாசித்தவர். பொடியும் வெற்றிலை பாக்கும் அவருக்குப் பழக்கம் என்பது ஊரறிந்த செய்தி. 1968-ல் நியூயார்க்கில் அறுவை சிகிச்சை நடந்தும், 1969 பிப்ரவரி 3 அன்று 59 வயதில் புற்றுநோயால் மறைந்தார். அந்நாளில் இதையெல்லாம் எடுத்துச் சொல்ல ஆள் ஏது?

இன்று சொல்கிறார்கள். 2009 முதல் புகையிலைப் பாக்கெட்டில் எச்சரிக்கைப் படம் போடவேண்டும் என்பது சட்டம். 2016 முதல் அது பாக்கெட்டின் முகப்பில் 85 சதவீத இடத்தை அடைக்கிறது. எழுத்துக்கூட்டத் தெரியாதவரும் பார்த்தவுடன் புரிந்துகொள்ளட்டும் என்றுதான் படம்.

இங்கேதான் நம் வியாபாரம் குறுக்கே வருகிறது. முழு பாக்கெட் வாங்குபவர் வசதியுள்ளவர், ஓரளவு படித்தவர். கூலிக்காரர் கேட்பது நாலு பீடி, ஒரு சிகரெட், ஒரு துண்டுப் புகையிலை. பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழியில் கால் வைத்து நெய்பவருக்குப் பீடி சரிப்படாது. பட்டில் ஒரு பொறி விழுந்தால் சேலையே போயிற்று. ஆகவே புகையிலையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு நாள் முழுதும் உட்காருகிறார். நாம் பிரித்துக் கொடுக்கிறோம். பாக்கெட்டும் படமும் நம் பலகை மேலேயே தங்கிவிடுகின்றன. யாருக்காகப் படம் போட்டார்களோ அவர் கண்ணில் அது படுவதே இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. தாண்டிய நாம் மட்டும் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்!

சில்லறையை நிறுத்தினால் வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போகும் என்பார்கள். உண்மைதான். புகையிலை வாங்க வருபவர் பருப்பும் எண்ணெயும் சேர்த்து வாங்குகிறார் என்பதும் உண்மை. அதனால்தான் இதை ஒரு கடைக்காரர் தனியாகச் செய்ய முடியாது. ஒரு தெருக் கடைக்காரர்கள் கூடிப் பேசினால் முடியும். 18 வயதுக்குக் கீழுள்ளவருக்கு விற்கக்கூடாது, பள்ளி, கல்லூரிக்கு நூறு கஜத்துக்குள் விற்கக்கூடாது என்று 2003 சட்டமே சொல்கிறது. அப்பா அனுப்பினார் என்று வரும் பையனைத் திருப்பி அனுப்ப யாரையும் கேட்கவேண்டியதில்லை.

வாய்க்குள் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், வாயை அகலத் திறக்க முடியாமை: இவை இருந்தால் வலி இல்லாவிட்டாலும் காட்டிவிட வேண்டும். நாள்தோறும் வரும் வாடிக்கையாளரின் முகத்தை நம்மைவிட அருகில் பார்ப்பவர் யார்? "அண்ணே, காரப்பேட்டைக்கு ஒரு நடை போய்க் காட்டிவிட்டு வாங்க" என்று கடைக்காரர் சொன்னால், நோட்டீசைவிடக் காதில் ஏறும்.

எங்கள் மண்டியில் இப்போது சிப்பத்தைப் பிரிப்பதில்லை. கேட்டு வருபவர்கள் குறைந்திருக்கிறார்கள். அந்த இடத்தில் பட்டாணி மூட்டை அடுக்கியிருக்கிறோம். லாபம் குறைவு, ஓட்டம் பரவாயில்லை.