தாயூட்டும் நஞ்சு

வாய் பிளந்து கத்தும் குஞ்சுகளுக்குத் தாய்ப்பறவை இரை கொணர்ந்து ஊட்டுங் காட்சியைக் கண்டு மகிழாதார் யார்? ஆனால், அவ்விரையே நஞ்சாயிருப்பின் தாய்ப்பறவை அதனை எங்ஙனம் அறியும்?

அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் அட்சன் நதிக்கரையிலே, மின் ஒடுக்கிகள் செய்யும் தொழிற்சாலைகள் இரண்டு இருந்தன. அவற்றிலிருந்து ஏறத்தாழ 1947 முதல் 1977 வரை, பீ.சீ.பீ. எனப்படும் எண்ணெய் போன்ற இரசாயனப் பொருள் ஆற்றிற் கலந்தது. அதன் அளவு 13 இலட்சம் இறாத்தல் வரை இருக்கலாம் என்பர். எளிதில் எரியாது, சிதையாது என்பதற்காகவே தொழிற்சாலைகள் இப்பொருளை விரும்பின. அக்குணமே பின்னர்க் கேடாயிற்று. நீரிற் கரைந்து போகாமல், அது சேற்றிற் படிந்து தங்கிவிட்டது.

சேற்றில் வாழும் பூச்சிகளின் புழுக்கள் அந்நஞ்சை உட்கொண்டன. அவை சிறகு முளைத்து நீருக்கு மேல் எழுந்தபோது, மரத் தகைவிலான் என்னும் சிறு குருவி அவற்றைப் பிடித்துத் தன் குஞ்சுகளுக்கு ஊட்டியது. மாரிகாலத்தில் நம் நாட்டுக்கு வந்து கம்பிகளில் வரிசையாக அமரும் தகைவிலானுக்கு இஃது உறவினம். இதன் குஞ்சு கூட்டிலிருப்பது ஏறக்குறைய மூன்று வாரமே. அதற்குள் அதன் சிற்றுடலில் மிகுதியான நஞ்சு சேர்ந்திருந்ததை ஆய்வாளர் கண்டனர்.

1994, 1995ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்தபோது, அக்குஞ்சுகள் புறத்தே நன்கு வளர்வனவாகவே தோன்றின என்பது வியப்புக்குரியது. கேடு வேறிடத்தில் வெளிப்பட்டது. கூடுகள் சிறுத்திருந்தன, குஞ்சுகளைக் குளிரிலிருந்து காக்கும் இறகுகளும் அவற்றிற் குறைவாகவே இருந்தன. 1994இல் பல கூடுகள் கைவிடப்பட்டன. ஓராண்டுப் பெட்டைகள் சில, தம் பருவத்துக்குரிய மண்ணிறத்தை விடுத்து, முதிர்ந்த பறவையின் நீலப்பச்சை நிறம் பெற்றிருந்தன. உடலின் சுரப்பு நீர்களை இந்நஞ்சு குழப்பியிருக்கலாம் என ஆய்வாளர் ஐயுற்றனர்.

ஆற்றில் இந்நஞ்சை விடுதல் நின்று பதினேழு ஆண்டுகள் கழிந்த பின்னர்ப் பொரித்த குஞ்சுகள் இவை என்பதை மாணவர் கருதுதல் வேண்டும். 2009 முதல் 2015 வரை, 27 இலட்சம் கன யாருக்கு மேற்பட்ட சேறு தோண்டி அகற்றப்பட்டது. எனினும், மேல் அட்சனிற் பிடித்த மீனை எவரும் உண்ணலாகாது என்னும் எச்சரிக்கை இன்றும் நீங்கவில்லை. குருவிக்கு அவ்வெச்சரிக்கையை யார் படித்துக் காட்டுவார்? படிக்கத் தெரிந்த நாமே ஆற்றைக் காத்தல் வேண்டும். குஞ்சுகள் நலமாய்த் தோன்றுகின்றன என்று கண்ணளவில் அமைதி கொள்ளுதல் போதாது.