ஆற்றிக் குடிப்பது ஏன்?

எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய முகத்துவாரக்குப்பத்தில் புழுக்கமான நாளில் வியர்வை எளிதில் உலராது. ஆனால், அங்கே தேநீரை நாலைந்து முறை உயர்த்தி ஆற்றினால் சூடு சட்டென்று தணிகிறது. ஒரே காற்றுதானே! ஏன் இந்த வேறுபாடு?

80° செல்சியஸில் நீரின் ஆவியழுத்தம் சுமார் 355 மி.மீ. பாதரசம். 30° காற்று ஈரத்தால் நிறைந்திருந்தாலும் அதிலுள்ள நீராவியின் அழுத்தம் சுமார் 32 மி.மீ. மட்டுமே. ஆகவே, சூடான தேநீரிலிருந்து நீர் ஆவியாவதை ஈரக்காற்று அவ்வளவாகத் தடுப்பதில்லை. வியர்வைக்கோ அழுத்த வேறுபாடு மிகக் குறைவு.

ஆற்றும்போது தேநீர் நீண்ட தாரையாகி, காற்றுபடும் பரப்பு பெருகுகிறது, ஆவியாதல் விரைவாகிறது. 1 கிராம் நீர் ஆவியாகச் சுமார் 2,300 ஜூல் வெப்பம் வேண்டும். அது தேநீரிலிருந்தே எடுக்கப்பட்டால், 150 கிராம் தேநீரின் வெப்பநிலை சுமார் மூன்றரை டிகிரி குறையும்.

நான் இஞ்சித் தேநீர்ப் பிரியன். ஆவி பறக்கக் குடித்தவன். 65°-க்கு மேற்பட்ட சூட்டில் பருகும் பானங்கள் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2016-இல் வகைப்படுத்தியது. உணவுக்குழாயே இதில் பாதிக்கப்படும் உறுப்பு. இப்போது நானும் ஆற்றியே குடிக்கிறேன்.

மாணவர்களே, ஆசிரியர் துணையுடன் ஆய்வுக்கூட வெப்பமானியால் அளந்து பாருங்கள்: எத்தனை ஆற்றலில் 65°-க்குக் கீழே இறங்குகிறது?