தானாக நகர்ந்த அம்புக்குறி

2015 டிசம்பர் 23, பிற்பகல். மேற்கு உக்ரைனின் இவானோ-பிராங்கிவ்ஸ்க் வட்டாரத்துக்கு மின்சாரம் வழங்கும் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறை. பணி முடியும் நேரம் என்பதால் ஊழியர் ஒருவர் மேசையில் இருந்த தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அப்போது கணினித் திரையில் மவுஸ் அம்புக்குறி தானாக நகர்ந்தது. ஒரு துணை மின்நிலையத்தின் பிரேக்கர் (திறந்தால் மின்சாரம் துண்டிக்கப்படும் சுவிட்ச்) மேல் போய் நின்று, அதைத் திறந்துவிட்டது. 'உறுதிதானா?' என்று திரை கேட்டது. அதற்கும் அம்புக்குறியே சம்மதம் சொன்னது. ஊழியர் மவுஸைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், அது அசையவில்லை. அடுத்த நொடி கணினி அவரையே வெளியேற்றிவிட்டது. திரும்ப நுழைய முயன்றால் கடவுச்சொல் மாறியிருந்தது.

அன்று மூன்று மின் நிறுவனங்கள் தாக்கப்பட்டன. சுமார் 2,25,000 இணைப்புகளில் மின்சாரம் நின்றது. புகார் சொல்லலாம் என்றால், பொய் அழைப்புகளால் தொலைபேசி மையமும் திணறிக்கிடந்தது.

இத்தனைக்கும் தொடக்கம் ஒரு மின்னஞ்சல். அலுவலகக் கோப்பு போல வந்த இணைப்பை யாரோ திறந்திருக்கிறார்கள். அந்த வழியாக உள்ளே வந்தவர்கள் மாதக்கணக்கில் பதுங்கியிருந்து, எந்தக் கணினி எதை இயக்குகிறது என்று பொறுமையாகப் படித்திருக்கிறார்கள். தொலைவிலிருந்து உள்நுழைய ஒரு கடவுச்சொல்லே போதுமானதாக இருந்தது. இரண்டாவது சரிபார்ப்பு இருக்கவில்லை.

ஓராண்டு கழித்து, 2016 டிசம்பரில், கீவ் நகரின் ஒரு பகுதி இருண்டது. இம்முறை மவுஸை நகர்த்த ஆள் தேவைப்படவில்லை. பின்னர் 'இண்டஸ்ட்ராயர்' என்று பெயரிடப்பட்ட நிரல், மின்நிலையக் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழியிலேயே பேசி, பிரேக்கர்களைத் தானே திறந்தது.

செயற்கை நுண்ணறிவு வந்து சேர்வது இந்த இடத்தில்தான். மோசடி மின்னஞ்சலைப் பிழையான மொழி காட்டிக்கொடுத்த காலம் போய்விட்டது; இன்று எந்த மொழியிலும் பிசிறில்லாமல் எழுதித் தர இயந்திரம் இருக்கிறது. மனிதர்கள் மாதக்கணக்கில் செய்த வேவு வேலையும், மென்பொருளில் ஓட்டை தேடும் வேலையும் வேகமெடுக்கின்றன.

அதே வேகம் காப்பவருக்கும் கிடைக்கிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா நடத்திய போட்டியின் இறுதிச் சுற்று 2025 ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் முடிந்தது. மனிதர் கை படாமல், செயற்கை நுண்ணறிவு அமைப்புகள் 5.4 கோடி வரி நிரலை அலசின. போட்டிக்காக ஒளித்துவைத்த ஓட்டைகளோடு, அதுவரை யாரும் அறியாத 18 உண்மையான ஓட்டைகளும் அகப்பட்டன. திருத்தம் எழுதித் தர ஆன நேரம் சராசரியாக 45 நிமிடம்.

மின்நிலையங்களுக்கு இன்னொரு சாதகமும் உண்டு. அவற்றின் கருவிகள் நாள் முழுவதும் பெரும்பாலும் ஒரே செய்திகளை, ஒரே கால இடைவெளியில் பரிமாறிக்கொள்கின்றன. அந்தத் தாளத்தைக் கற்றுக்கொண்ட நிரல், ஒரு பிசகான அடி விழுந்தாலும் கண்டுபிடிக்க வாய்ப்பு அதிகம்.

ஆனால் ஓட்டையைக் கண்டுபிடிப்பது வேறு, அடைப்பது வேறு. கைப்பேசியை இரவில் புதுப்பித்துக்கொள்ளலாம். இருபது, முப்பது ஆண்டுகளாக ஓடும் மின்நிலையக் கருவியை நினைத்தபோது நிறுத்த முடியாது. அதனால்தான் கட்டுப்பாட்டு வலையமைப்பை அலுவலக வலையமைப்பிலிருந்து பிரித்துவைக்கச் சொல்கிறார்கள். 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பணிக்கான கணினி ஒன்றில் தீநிரல் புகுந்ததை இந்திய அணுமின் கழகம் உறுதிசெய்தது. அணு உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு தனித்து இயங்குவதால் அதற்குப் பாதிப்பில்லை என்றும் கழகம் சொன்னது. இடையில் நின்ற அந்தப் பிரிவினையின் மதிப்பு அதுதான்.

சரி, உக்ரைனில் மின்சாரம் எப்படித் திரும்பியது? கணினிகள் முடங்கியதும் ஊழியர்கள் வண்டியேறித் துணை மின்நிலையங்களுக்குப் போனார்கள். பிரேக்கர்களைக் கையால் மூடினார்கள். ஒரு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் விளக்குகள் எரிந்தன. கையால் இயக்கும் வசதி அங்கே இன்னும் இருந்தது. இயக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள்.

எல்லாவற்றையும் தானியங்கியாக்கும் அவசரத்தில் நாம் முதலில் கைவிடுவது இந்த இரண்டையும்தான். புதிய காவல் நிரல்களை வாங்குவோம். வாங்கியே ஆக வேண்டும். கூடவே, கணினி இல்லாமல் நிலையத்தை இயக்கும் பயிற்சியை ஆண்டுதோறும் நடத்துவோம். எந்த நிரலாலும் தொலைவிலிருந்து திருட முடியாத பாதுகாப்பு, தொழில் தெரிந்த அந்தக் கைகள்.