சுவரை இடிக்க முன்னர் தூணைப் பாருங்கள்

ஓர் அடிமட்டத்தை மேசையில் நிமிர்த்தி வைத்து, மேலிருந்து விரலால் அழுத்திப் பாருங்கள். அது நசுங்காது. ஓரளவு பாரம் வரை நேராக நின்றுவிட்டு, சடுதியாகப் பக்கவாட்டில் வளைந்துவிடும். கட்டடத் தூண்களும் இப்படி வளைந்து விழக்கூடியவை.

1744 இல் சுவிற்சர்லாந்துக் கணித அறிஞர் லியோனார்ட் ஒய்லர் இதைக் கணக்காக்கினார். தூணின் உயரம் இரு மடங்கானால், அது வளையாமல் தாங்கும் பாரம் அரைவாசியாக அல்ல, காற்பங்காகக் குறையும். தூணின் தலையைப் பக்கவாட்டில் அசையாமல் எது பிடித்திருக்கிறது என்பதும் அதேயளவு முக்கியம்.

யுத்தத்தில் கூரையும் பீமும் போய், தூண்கள் மட்டும் எஞ்சிய வீடுகளை வன்னியில் கண்டிருப்பீர்கள். "இவ்வளவு காலம் நிற்கிறதுதானே, இதன்மேலேயே கட்டலாம்" என்ற கதையும் கேட்டிருப்பீர்கள். அந்தத் தூண் இவ்வளவு காலமும் சுமந்தது தன் சொந்தப் பாரத்தை மட்டும்தான். ஷெல் அதிர்வில் வெடித்த தூணின் விறைப்பு குறைந்திருக்கும். மேலே பூசும் சாந்து வெடிப்பை மறைக்குமே தவிர, விறைப்பைத் திருப்பித் தராது.

மற்றையது கடைக்காகச் சுவரை இடிப்பது. 10 அடி உயரமும் 9 அங்குல அகலமும் கொண்ட தூணில் உயரம் அகலத்தைப் போல 13 மடங்கு. கட்டடம் பக்கவாட்டில் அசையாதபடி சுவர்கள் தாங்கினால், 15 மடங்குக்கு உட்பட்ட தூணைக் 'குட்டைத் தூண்' என்றது, 2010 வரை நடைமுறையில் இருந்த பிஎஸ் 8110 என்ற பிரித்தானிய நியமம். அந்தத் தாங்கல் இல்லையென்றால் அதில் எல்லை 10 ஆக இருந்தது. ஆக, தூணில் கை வைக்காமலே, சுவரை எடுத்ததும் அது 'மெல்லிய தூண்' ஆகிவிடுகிறது. அதன்மேல் வெளிநாட்டுக் காசில் மேல்மாடியும் ஏறினால்? மேசனிடம் மட்டும் கேட்டுவிட்டுச் செய்கிற வேலையல்ல இது. ஒரு பொறியியலாளர் வந்து பார்க்கவேண்டும்.

தூணுக்குள் இருக்கும் கம்பியும் இப்படித்தான் வளையும். அதைப் பிடித்து வைத்திருப்பவை குறுக்கு வளையங்கள். அவற்றின் இடைவெளி, மிக மெல்லிய நெடுங்கம்பியின் விட்டத்தைப் போல 12 மடங்கைத் தாண்டக்கூடாது என்றது அதே நியமம். 12 மி.மீ. கம்பியென்றால் 144 மி.மீ., அதாவது 6 அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. கொங்கிறீற் போடமுதல் ஓர் அளவு நாடாவால் நீங்களே அளந்து பார்க்கலாம்.