மிதந்து வந்த தேக்கு, வராத பணம்

பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கும். அதனால் பர்மாக் காடுகளில் அதை உடனே வெட்டமாட்டார்கள். அடிமரத்தில் பட்டையை வளையமாகச் செதுக்கி, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று ஆண்டுகள் காயவிடுவார்கள். நீர் வற்றிய மரத்தை யானைகள் இழுத்து ஆற்றில் தள்ளும். ஐராவதியில் மிதந்து ரங்கூன் சேரும், அங்கிருந்து கப்பலேறும். செட்டிநாட்டு வீடுகளின் தூண்கள் பல இப்படி வந்தவைதான். அவற்றைக் கறையான் எளிதில் தொடாததற்குக் காரணம், மரத்தில் ஊறிய எண்ணெயும் டெக்டோகுவினோன் என்ற வேதிப்பொருளும்.

தூணை அனுப்பிய நகரத்தார் எனும் செட்டியார்களின் முதல் மட்டும் திரும்பவில்லை. 1930 வாக்கில் பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் லேவாதேவி நடத்தின. ரங்கூன் முகல் தெருக் கோயிலில் கூடி வட்டியை முடிவு செய்வார்கள். கடன் வாங்கியவர் நெல் விவசாயி. ஈடு அவருடைய வயல். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. வட்டி நின்றது, நிலம் வந்து சேர்ந்தது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 சதவீதமாக இருந்த அவர்கள் நிலம் 1938-இல் 25 சதவீதம். ரொக்கம் புரட்டுகிறவருக்கு வயல் எதற்கு? வயலை இழந்தவர் கண்ணுக்கோ செட்டியார்தான் தெரிந்தார். செட்டியாருக்குக் கடன் கொடுத்த வெள்ளைக்கார வங்கி தெரியவில்லை.

1941 டிசம்பர் 23-இல் ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் காடு மலை கடந்து நடந்தார்கள். 1948-இல் நில நாட்டுடைமைச் சட்டம். 1962-இல் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த ஆண்டு வங்கிகள் அரசுடைமை. 1964-இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாக்காசு. மிச்சமிருந்தவர்கள் ஏறக்குறைய வெறுங்கையோடு கப்பலேறினார்கள்.

பணம் புரட்டியவர் சொத்திழந்தது பர்மாவில் மட்டுமல்ல. 1938-இல் வியன்னாவின் யூத வங்கியாளர் லூயி ரோத்சைல்டை நாஜிகள் சிறைபிடித்து, சொத்துகளை எழுதி வாங்கிய பிறகே விடுவித்தார்கள். கலைப்பொருள்களும் பறிபோயின. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன்: நாஜிகள் யூதர்களைத் துரத்தியதோடு நிற்காமல் கொன்று குவித்தார்கள். ஆனால் சேகரித்த பொருள் எங்கே இருந்தது என்பதும் விதியைத் தீர்மானித்தது. ரோத்சைல்டின் ஓவியங்கள் அவருடைய நகரத்திலேயே இருந்தன. செட்டியாரின் தேக்கும் பெல்ஜியம் கண்ணாடியும் கடலுக்கு இக்கரையில், காரைக்குடிப் பக்கம்.

அங்கேயும் முழுதாய்த் தங்கவில்லை. வருமானம் போன பிறகு, பங்காளிகள் பலருக்குப் பொதுவான அரண்மனை வீட்டைப் பராமரிக்க யாரிடம் காசு? கதவும் தூணுமாகக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. பிரித்தெடுத்த மரவேலைகளைக் கொண்டு எழுப்பிய ஒரு செட்டிநாட்டு வீடு, 1996-இல் திறந்த முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.